திவாகரன் வாங்கிய கறிபாப்

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றும் திவாகரன் வந்தார். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு கோழி மசாலா அடைத்த இரண்டு கறிபாப் வாங்கி, கடையோரம் நின்று ஊதி ஊதித் தின்றார். "நல்லா இருக்குலா" என்றார். தொழிற்சாலை பஸ் ஏறிப் போனார். ஜூனில் நான் கடை போட்ட நாளிலிருந்து இதே கதைதான். வருவது கறிபாப்புக்காகவா, எனக்காகவா? கேட்டுவிடலாம். "கறிபாப்புக்காகத்தான்" என்று சொல்லிவிட்டால் மறுநாள் எந்த முகத்தோடு கடை திறப்பது?

மாலை சுங்கை பட்டாணியில் பொருளாதார வகுப்பு. விலை நெகிழ்ச்சி: விலை ஏறினால் ஆட்கள் எவ்வளவு வாங்குவதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்ற கணக்கு. ஏதாவது ஒரு பொருளை வைத்து நிஜமாகவே அளந்து வாருங்கள் என்று சிவநேசன் சார் சொல்லிவிட்டார். எல்லாரும் பெட்ரோல், போன் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எனக்கென்ன, கறிபாப் இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாவு பிசைந்துகொண்டே அம்மா ஆரம்பித்தார். பண்டார் பாருவில் எர்னஸ்ட் என்று ஒரு மாப்பிள்ளை, நல்ல வேலை, நம் சர்ச் குடும்பம். "மாசக் கடைசிக்குள்ள ஒரு பதில சொல்லு கேத்தி. அவங்களும் எத்தனை நாளைக்குத்தான் காத்திருப்பாங்க?"

மாசக் கடைசியா! அதற்குள் எனக்கும் ஒரு பதில் தெரிந்தாக வேண்டுமே.

செப்டம்பர் 16, செவ்வாய்

மலேசியா தினம், கடை இல்லை. படுத்துக்கொண்டே திட்டம் போட்டேன். நாளை முதல் கறிபாப் விலை ஒரு வெள்ளி இல்லை, ஒரு வெள்ளி இருபது காசு. சாருக்கும் கணக்கு ஆச்சு, எனக்கும் ஆச்சு. மற்றவர்கள் எல்லாரும் குறைத்து, அவர் மட்டும் குறைக்காவிட்டால் — இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது.

இது பரிசோதனை, கடை விஷயத்தில் தலையிடவே கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

ஐயோ! வழக்கமாக அறுபது போகும். இன்று இருபத்துநான்கு. விலை இருபது விழுக்காடு ஏற, வியாபாரம் அறுபது விழுக்காடு படுத்துவிட்டது. நெகிழ்ச்சி மூன்று! தினமும் வாங்கும் இராசாத்தி அக்காகூடக் கையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டார். இருபது காசுக்கு இவ்வளவு ரோஷமா?

திவாகரன் வந்தார். விலைப் பலகையை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு. புங்குஸ் பண்ணிடுங்க" என்று பொட்டலமாக வாங்கிக்கொண்டு போனார். நின்று தின்னாதது வருத்தம்தான். ஆனால் குறைக்கவில்லையே! நெகிழ்ச்சி சுழியம்!

செப்டம்பர் 18, வியாழன்

மிச்சத்தை நானும் அம்மாவும் தின்று தீர்த்தோம். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஏப்பம்தான் வந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

புதுப் பாடம். முதல் கறிபாப்பில் கிடைக்கும் திருப்தி இரண்டாவதில் கிடைக்காது. அறிவுள்ளவன் தன் காசை எதில் போட்டால் அதிகத் திருப்தியோ அதில்தான் போடுவான். விலை ஏறினால் ஒன்றைக் குறைத்துவிட்டு அந்தக் காசுக்கு டீ குடிப்பான். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.

இன்று ஒன்றரை வெள்ளியாக்கிப் பார்த்தேன். திவாகரன் மூன்று வாங்கினார். அதுவும் புங்குஸ்!

புத்தகம் எழுதியவர் எங்கள் புக்கிட் செலம்பாவுக்கு வந்ததில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

மானம் போயிற்று. சார் என் கணக்கைப் பார்த்தார். "என்னிக்கும்மா விலைய ஏத்துனீங்க?"

"பதினேழு சார்."

"அன்னிக்குத்தான் புரட்டாசி பொறந்துச்சு! செலம்பாவ்ல பாதிப் பேரு கோழியத் தொட மாட்டாங்க. மத்ததெல்லாம் மாறாம இருந்தாத்தான் விலை என்ன செஞ்சிச்சுன்னு சொல்ல முடியும்."

வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் பாய்ந்தேன். "நீதானே தலையிடாதன்னு சொன்ன?" என்கிறார், கூலாக.

அப்போ அவன்? அவன் மட்டும் என்ன? நெத்தியில சந்தனப் பொட்டு, கையில சாமி கயிறு, பையில மூணு கோழிக் கறிபாப்! ஊருக்கே விரதம், இவனுக்கு மட்டும் இல்லியா? இவனப் போய் நான் — சே!

செப்டம்பர் 25, வியாழன்

திவாகரன் வேலை செய்யும் அதே தொழிற்சாலைதான் இராசாத்தி அக்காவுக்கும். நைசாகக் கேட்டேன்.

"அவன் எங்க தங்கச்சி திங்கிறான்? வெரதம்லா. கேட்ல நிக்கிற கார்டு, அந்த மலாய்க்காரப் பெரியவர் பாக் மாட், அவருக்குத்தான் தெனமும் கொடுக்கிறான். அந்த மனுசனுக்குச் சட்டை பட்டனே பூட்ட மாட்டேங்குது!"

தன்னால் தின்ன முடியாததை, ஏறிய விலைக்கு, ஒன்று கூடுதலாக. கறிபாப்பில் அவருக்குத் திருப்தி ஒன்றுமே இல்லை. பிறகு எதற்குக் காசு கொடுத்தார்? நாள் முழுக்க இதே நினைப்பு. சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

கேட்டே விட்டேன். "திங்காத சாமான எதுக்குங்க வாங்குறீங்க?"

காது வரை சிவந்துவிட்டார். "வாங்காம சும்மா வந்து நின்னா, எதுக்கு நிக்கிறீங்கன்னு கேப்பீங்கல்ல. அதுக்கு இன்னும் பதில் ரெடி பண்ணல."

பஸ் வந்துவிட்டது. "சீக்கிரம் ரெடி பண்ணுங்க. எனக்கு மாசக் கடைசிதான் கெடு" என்றேன். பஸ்ஸில் ஒரு காலை வைத்தவர், இறங்கி வந்து பதிலைச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். அதை இங்கே எழுத மாட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

எர்னஸ்ட் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். யார் என்று கேட்டார். சொன்னேன். அம்மா எழுந்து பாத்திரம் கழுவப் போனார். பாத்திரங்கள்தான் பேசின, பலமாக.

அக்டோபர் 2, வியாழன்

விலையைப் பழையபடி ஒரு வெள்ளியாக்கிவிட்டேன்.

காலையில் எழுந்து வந்தால் அடுப்பில் இரண்டு சட்டி. ஒன்றில் வழக்கமான கோழி. இன்னொன்றில் உருளைக்கிழங்கு மட்டும். அதற்குப் புதுக் கரண்டி. நான் கேட்கவே இல்லை.

அம்மா திரும்பிப் பார்க்காமல் கேட்டார், "அந்தப் பையன் காரம் திம்பானா?"