நாணயம் என்ற நாலெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

இன்று செய்தித்தாள் குறுக்கெழுத்தில் ஒரு விடை முழுதாக வந்தது! குறிப்பு: ‘பார்க்கும் உறுப்பு ஒரு மாதத்தோடு சேர்ந்தால் உன்னையே காட்டும் (4)’. கண். ஆடி. கண்ணாடி! உட்கார முடியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன்.

வாழ்நாளெல்லாம் லிஃப்ட் ஓட்டியவன் நான். எண்கள் தெரியும். எழுத்து போன வருடம் மாலை வகுப்பில் வந்தது. ‘ண’ எழுதும்போது மட்டும் கை நிற்பதில்லை, ஒரு சுழி கூடுதலாகப் போட்டுவிடும். “ஐயா, உங்க வண்டிக்கு மட்டும் ஒரு சக்கரம் ஜாஸ்தி” என்பார் ஆசிரியை.

காலையில் இவளுக்கு, என் வீட்டுக்காரிக்கு, செய்தி படித்துக் காட்டினேன். பாவம், போன வருடம் வரை நான் இருந்தது போலவே கைநாட்டு. நான் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை பொறுமையாக இருந்து, “அப்படியா!” என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

சலூனில் ஞாயிறுதோறும் புதிர் விமர்சனம் நடக்கும். முந்தின நாள் புதிரை முழுதும் சரியாகப் போட்டவர் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, எந்த விடை எப்படி வந்தது, எந்தக் குறிப்பு நன்று, எது மோசம் என்று சொல்ல வேண்டும். என்னுடையதில் பாதி தப்பு. பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், “லிஃப்ட்டு, நீ மேலயும் கீழயும் மட்டும் போ. குறுக்க வராதே” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

நாலு நாளாக எல்லாம் சரி! நான் பென்சிலால் போட்ட தாளை இவள் மடித்து என் சட்டைப்பையில் வைக்கிறாள். மறுநாள் சலூன்காரர் விடைகளோடு பார்த்து, “பெரியவரே, தூள்!” என்கிறார். எனக்கு மூளை திறந்துவிட்டது போலிருக்கிறது. இந்த வயதில்!

மார்ச் 16, ஞாயிறு

எப்படி எழுதுவது? எழுதுகிறேன்.

நேற்றைய தாளைச் சலூன்காரர் சரிபார்த்தார். “அத்தனையும் சரி. ஏறுங்க” என்று பெரிய நாற்காலியை எனக்காகத் திருப்பினார். ஏறினேன். கண்ணாடியில் என் முகம் ராஜா மாதிரி இருந்தது. மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“எட்டு, குறுக்காக. ‘பையில் இருந்தால் ஓசை, பேச்சில் இருந்தால் மதிப்பு.’ விடை சில்லறை. பையில கலகலன்னு சத்தம் போடும்ல?”

“பேச்சுல சில்லறை இருந்தா மதிப்பு எப்படிய்யா வரும்?” என்றார் பேங்க்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

சலூன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “பெரியவரே, நீங்க நாணயம்னுல்ல எழுதியிருக்கீங்க?”

தாளை வாங்கிப் பார்த்தேன். நாணயம். அதை வெட்டிக் கீழே இறங்கும் சொல்லும் மாறியிருந்தது. ‘ண’வுக்கு மூன்றே சுழி. அழகாக, அச்சடித்தது போல.

“யார்கிட்ட காப்பி அடிச்சே, லிஃப்ட்டு?”

நாற்காலியிலிருந்து இறங்கினேன். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர்.

இவள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன். ஒரு பார்வை பார்த்ததுமே முகம் மாறியது. படித்துவிட்டாள். எழுத்துக்கூட்டவே இல்லை.

“நீங்க குளிக்கப் போனப்ப அழிச்சு மாத்தினேன். சிரிக்கிறாங்கன்னு வருத்தப்பட்டீங்கல்ல.”

“உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“எட்டாவது வரைக்கும்.”

“அப்போ கல்யாணப் பத்திரத்துல கைநாட்டு?”

“உங்க அக்காதான் சொன்னாங்க. தம்பிக்குத் தெரியாதது உனக்கும் தெரியாமலே இருக்கட்டும், இல்லேன்னா அவன் மனசு தாங்காதுன்னாங்க.”

அக்கா போய்ச் சேர்ந்தே எத்தனையோ வருடமாகிவிட்டது! அதற்குப் பிறகாவது?

மார்ச் 17, திங்கள்

மகன் வெளியூர் போனதும் அவன் கடிதங்களை மாடிவீட்டுக்காரரிடம் கொண்டுபோய், “கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்” என்று நிற்பேன். இவளும் பக்கத்தில் நிற்பாள். பேரன் பிறந்த சேதி வந்தபோது, அந்த ஆள் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்பதுபோல அழுதாளே! உறை அவள் கையில்தானே முதலில் வந்தது? முன்னாடியே பிரிச்சுப் படிச்சிருப்பா. எனக்கு மட்டும் ஊரான் படிச்சுச் சொல்லணுமா? தினமும் “அப்படியா, அப்படியா”ன்னாளே, நான் என்ன கோமாளியா?

படிப்பு வராதவர்கள் இருவர் என்று நினைத்து வாழ்ந்தேன். ஒருவன்தான்.

மார்ச் 18, செவ்வாய்

செய்தி படித்துக் காட்டவில்லை. இவளும் கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

சலூனுக்குப் போய், “போன வாரம் போட்டது பாதி என் வீட்டுக்காரி” என்றேன். பேங்க்காரர் பழையபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். “சும்மா இருங்க சார்” என்று சலூன்காரர் அடக்கினார்.

வீட்டில் இவள், “எத்தனையோ தடவை சொல்ல வந்தேன். ஒவ்வொரு வருஷமும் இன்னும் கஷ்டமாயிடுச்சு” என்றாள். பொய் இல்லை என்று தெரிகிறது. வலி குறையவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

கடையில் இரண்டு செய்தித்தாள் வாங்கினேன். “ஒரே பேப்பர் எதுக்குங்க ரெண்டு?” என்றார் கடைக்காரர்.

“வீட்ல படிக்கிறவங்க ரெண்டு பேர்.”

ஒன்றை அவள் முன்னால் வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்தத் தடவை பென்சில் இல்லை, பேனாவால் போட்டேன். எட்டுக் கட்டம் காலி.

சாப்பிடும்போது கேட்டாள்: “கீழாக அஞ்சு உங்களுக்கு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எனக்கு வரல. சொல்லுங்களேன்.”

“மாட்டேன்.”

“எத்தனை நாளைக்கு இந்தக் கோபம்?”

“நாளைக்குப் பேப்பர்ல வரும், பார்த்துக்கோ.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இதை எழுதும்போதுதான் சிரிப்பு வருகிறது.