கடலுக்கு முதுகு காட்டிய வீடுகள்

அண்ணி,

கார்த்திகைத் தீபம் நெருங்கிவிட்டது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்திருக்கிறார். காலையிலிருந்து வாசல் கேட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார், துரு வாசனை கூடம் வரைக்கும் வருகிறது. "கேட்டு பூரா துருப்புடிச்சிப் போச்சும்மா" என்று அவர் அலுத்துக்கொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைப் போய்த் துரு என்கிறாரே என்று நீங்கள் உள்ளேயிருந்து சொல்வது போல இருந்தது. துருவைப் பற்றி உங்களிடம் நான் படித்த பாடம் அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். நாத்தனாரும் அண்ணியும் என்றால் ஊர் எதிர்பார்க்கிற சண்டைகூட நமக்குள் வந்ததில்லை. சண்டை போடுகிற அளவுக்கு நாம் பேசிக்கொண்டதே இல்லையே. "சாப்டியா?" "சாப்டேன் அண்ணி." அதோடு முடிந்துவிடும். பிறகு நான் சென்னை வேலைக்குப் போனேன். அந்த வேலை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் திரும்பி வந்தேன். வந்த கொஞ்ச நாளில் உங்கள் சிறுநீரகம் கெட்டுப்போயிருப்பது தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கூடத்தில் டிவி இரைச்சல் தாங்காமல் என் அறை நாற்காலியில் வந்து கண்ணை மூடிக்கொள்வீர்கள். ஏசி இருந்த அறை அது ஒன்றுதான்.

நான் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் ஊர் கட்டுகிற விளையாட்டைத் திறந்துவிடுவேன். வெறும் நிலத்தில் ரோடு போட்டு, வீடு வைத்து, தண்ணீரும் கரண்ட்டும் பஸ்ஸும் விட்டால் ஆட்கள் தாமாகவே வந்து குடியேறுவார்கள். குறை இருந்தால் வீட்டுக் கூரைமேல் ஒரு சிவப்புக் குறி மின்னும். குறை முற்றினால் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். நிஜம் போலவே ஒரு கடலோரப் புறநகரைக் கட்டிக் காட்டுகிறேன் என்று இணையத்தில் மற்ற ஆட்டக்காரர்களிடம் சவால் வேறு விட்டிருந்தேன். கடலோரமாக வரிசை வீடுகள், எல்லா வாசலும் கடலைப் பார்த்து. நடுவில் ஒரு கோயில். ஊரைச் சுற்றி வட்டமாக ஒரு ரோடு. எனக்கே பெருமையாக இருந்தது.

"இது என்ன ஊரு?" என்றீர்கள். கண்ணைத் திறந்தது எப்போது என்று நான் கவனிக்கவில்லை.

"கடலோர ஊர் அண்ணி."

"இதுவா?" என்று சிரிக்க ஆரம்பித்தீர்கள். இருமல் வரும்வரை சிரித்தீர்கள். "கடலப் பாத்து வாசல் வெச்சிருக்கியே, இதுல எவ குடியிருப்பா? கதவத் தொறந்தா உப்புக் காத்து மூஞ்சில அடிக்கும். எங்க ஊர்ல எல்லா வீடும் கடலுக்கு முதுகக் காட்டித்தான் உக்காந்திருக்கும்."

என் முகம் சுருங்கிவிட்டது. நம்முடைய இந்த மலையடி ஊரில் மொட்டைமாடி கட்டினால் மலை தெரிய வேண்டும். ஆசிரமப் பக்கத்தில் மலை தெரிகிற அறைக்கு வாடகையே ஜாஸ்தி. பார்க்க ஒன்று இருந்தால் அதைப் பார்த்துத்தான் வீடு கட்டுவார்கள் என்று நினைத்தே வளர்ந்தவள் நான்.

"அப்புறம் இது என்ன, ஊரச் சுத்தி வட்டமா ரோடு? கடல்ல எறங்கி கிரிவலம் போவாங்களா?"

"ஊருக்கு நடுன்னு ஒண்ணு வேணாமா அண்ணி?"

"எங்க ஊருக்கு நடு கெடையாது. ஓரம் மட்டும்தான்."

நம் பேச்சு அன்றைக்குத்தான் தொடங்கியது. நான் கட்டியிருந்ததை மொத்தமாக இடித்துத் தள்ளினேன். சென்னைக்கு வடக்கே, எண்ணூர் போகிற வழியில் இருந்த உங்கள் ஊரை முதலிலிருந்து போட்டோம். கடலோரம் என்றாலே மீன்பிடிக்கிறவர்கள்தான் என்று படகுகளாக நிறுத்திவைத்தேன். "எங்கப்பா பாய்லர் ஆபரேட்டருடி. படக அந்தப் பக்கம் தள்ளு, மொதல்ல ஃபேக்டரிய வை" என்றீர்கள். நீங்கள் என்னை முதன்முதலாக 'டி' போட்டது அன்றைக்குத்தான். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

துருப் பாடம் அடுத்து வந்தது. விளையாட்டில் வைக்க இணையத்தில் கிடைத்த வீடுகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. "இவ்ளோ புதுசா இருந்தா அது எங்க ஊர் இல்ல" என்றீர்கள். ஜன்னல் கம்பி எப்போதும் அடிப்பக்கத்தில்தான் முதலில் அரிக்கும், அங்கிருந்து மழைத் தண்ணீரோடு துரு இறங்கிச் சுவரில் பழுப்பாகக் கோடு விழும், எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்தக் கோடு மேலே வந்துவிடும் என்று விவரமாகச் சொன்னீர்கள். வீடு வீடாக நான் அந்தக் கோட்டை வரைந்தேன். ஒரு வீட்டில் ஜன்னலுக்கு மேலே வரைந்துவிட்டேன். "துரு மேல ஏறுமாடி?" என்று தலையில் தட்டினீர்கள்.

பெரிய தகராறு லாரியால் வந்தது. என் ஊர்களில் வண்டிகள் எங்கேயும் நிற்காமல் ஓடும், அதுதான் என் கெட்டிக்காரத்தனம். நீங்கள் மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்க வேண்டும் என்றீர்கள். நிறுத்தினேன். ஃபேக்டரியையும் வீடுகளுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். கூரைகள்மேல் சிவப்புக் குறிகள் மின்ன ஆரம்பித்தன. புகை, இரைச்சல், நெரிசல். ஆட்கள் காலி செய்யத் தொடங்கினார்கள்.

"அண்ணி, ஊரே காலியாயிடும் போல."

"திட்டட்டும். நாங்களும் காலைல எழுந்தா திட்டிக்கிட்டேதான் இருந்தோம். போயிட்டமா? நீ பஸ்ஸ கூட விடு. பள்ளிக்கூடத்த கிட்ட வை. போவமாட்டாங்க."

ஒரு மாதம் போராடினோம். நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தன பேரு இருக்காங்க?" என்பதுதான். கம்மியாகிவிட்டது என்றால் முகம் வாடிவிடும். நான் ஒரு ரயில் நிறுத்தத்தைச் சேர்த்தேன், உங்கள் ஞாபகத்தில் ரயில் கேட்டை ஒட்டி இருந்த மைதானத்தையும் வைத்தேன். குறிகள் முழுக்க அணையவில்லை. ஆனாலும் ஒரு நாள் ஆட்கள் போவது நின்றுவிட்டது. புகையோடும் லாரியோடும் ஊர் தங்கிவிட்டது. நீங்கள் கையைத் தட்டினீர்கள், டயாலிசிஸ் ஊசி போட்ட கை வலித்தும்.

அன்றைக்குத்தான் கேட்டீர்கள். "இந்தக் கடல் உள்ள வராதா?"

"நாம சொன்னாதான் வரும்."

திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தீர்கள். "அப்போ கடைசி வரிசையையும் வை."

உங்கள் வீடு இருந்த அந்தக் கடைசி வரிசையைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. உங்கள் அப்பா அம்மா காலத்துக்குப் பின் அங்கே கருங்கல் கொட்டிவிட்டார்கள். கல் போடட்டுமா என்று கேட்டேன். "கல்லு இல்லாத காலத்து ஊர வை" என்றீர்கள். வைத்தேன்.

அதற்கு அப்புறம் நீங்கள் அண்ணனிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டீர்கள். ஒரு தடவை ஊருக்குப் போய்வர வேண்டும். டயாலிசிஸுக்கு நடுவில் ஒரு நாள் இருக்கிறதே, விடியலில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடலாம் என்றீர்கள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே, "அங்க என்ன இருக்கு இப்போ? கல்லும் தண்ணியும்தான். நடுவழில எதுனா ஆச்சுன்னா?" என்றார். நீங்கள் மறுபடி கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அடுப்படியில் அவரைப் பிடித்துக் கண்டபடி கத்திவிட்டேன். அவர் கை கழுவப் போனார்.

அறைக்கு வந்தால் நீங்கள் என்னைக் கடிந்துகொண்டீர்கள். "அவர ஏன் திட்ற? எனக்கு பஸ்ல எதுனா ஆயிட்டா அந்த மனுஷன் ஒண்டியா என்ன பண்ணுவாரு? பயம்டி அவருக்கு."

பயம் எனக்கும் புரிந்தது. கோபம் மட்டும் போகவில்லை. மாசியில் நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகும் போகவில்லை. அண்ணனும் நானும் ஒரே வீட்டில் "சாப்டியா", "சாப்டேன்" என்று திரும்பவும் அதே இரண்டு சொற்களுக்கு வந்துவிட்டோம். அந்த ஊரை நான் திறக்கவே இல்லை. நீங்கள் இல்லாமல் அங்கே போக எனக்கு மனசு வரவில்லை.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார். "அவ ஊர கொஞ்சம் தொறயேன்" என்றார். திறந்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார். எங்கே தட்டினால் என்ன ஆகும் என்று தெரியாததால் கையை மடியில் கட்டிக்கொண்டார்.

"அவ வீடு எது?"

கடைசி வரிசையில் காட்டினேன். வாசல் பக்கம் பார்த்தார். பிறகு, "இந்தாண்ட திருப்பேன், பின்னாடி" என்றார். திருப்பினேன். அடுப்பங்கரைக் கதவும் அதற்கு அந்தப் பக்கம் கடலும் தெரிந்தன.

"பொண்ணு பாக்கப் போனப்போ கடல் எங்கன்னு கேட்டேன்" என்றார். "வாசல்ல நின்னு தேடிக்கிட்டிருந்தேன், நான் நம்மூர்க்காரன்தானே. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அவதான் அடுப்பங்கரைக்குக் கூட்டிட்டுப் போயி கதவத் தொறந்தா. பொசுக்குன்னு மொத்தக் கடலும் உள்ள வந்துடுச்சு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு லீவு போட முடியுமா உனக்கு?"

போனோம், அண்ணி. சென்னைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னும் இரண்டு. அண்ணன் உங்கள் கல்யாணக் காலத்தில் போனதோடு சரி, மெயின் ரோட்டில் இறங்கியதும் திசை தெரியாமல் நின்றுவிட்டார். நான் அந்த ஊர் மண்ணை மிதித்ததே இல்லை. ஆனாலும் நான் முன்னால் நடந்தேன். கன்டெய்னர் லாரிகள் நீங்கள் சொன்னபடியே நின்றுகொண்டிருந்தன. ரயில் கேட், மைதானம், அப்புறம் கடலை நோக்கி ஓடும் தெருக்களில் உங்கள் தெரு. பள்ளிக்கூடம் மட்டும் நாம் வைத்த பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கம் இருந்தது. ஜன்னல்களுக்குக் கீழே அதே பழுப்புக் கோடுகள்; கிட்டே போய் ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

தெருவின் முடிவில் கருங்கல் மேடு. அதற்கு அப்பால் அலைச்சத்தம். அண்ணன் கல்மேல் கை வைத்து நின்றார். பக்கத்து வீட்டு வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபரேட்டர் வீட்டு மாப்ளதானே நீங்க?" என்றார். அண்ணன் தலையாட்டினார். "அவ வரலியா?"

அண்ணன்தான் சொன்னார். "அவ போயிட்டாக்கா. மாசில. ஒரு தடவ கூட்டிட்டுப் போன்னு கேட்டா. நான்தான் கூட்டிட்டு வரல."

அதைச் சொல்லிவிட்டு நடுத்தெருவில் நின்று அழுதார். அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை, உங்களைக் கொண்டுபோன அன்றைக்குக்கூட. என் கோபமெல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்த அக்கா துணியைப் போட்டுவிட்டு வந்து எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். வெகுநேரம் உங்களைப் பற்றியே பேசினார்.

"இந்தத் தெருவுக்கே அவதான் மைக்கு" என்றார். "தண்ணி லாரி முக்குல திரும்பறப்பவே கண்டுக்குவா. 'லாரி வந்துடுச்சேய்'னு ஒரு கொரல் குடுப்பா பாரு, கடைசி வீடு வரைக்கும் குடம் எடுத்துக்கிட்டு ஓடியாரும். நைட் ஷிப்ட் பாத்துட்டுத் தூங்கற ஆம்பளைங்கல்லாம் திட்டுவாங்க. அவ அடங்கவே மாட்டா."

அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் உங்கள் குரல் அடுப்படியைத் தாண்டிக் கேட்டதில்லை. ஊரையே எனக்குச் சொல்லித் தந்தீர்கள், ரோடு, துரு, லாரி எல்லாம். அந்தத் தெருவில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, அண்ணி. நாங்களும் கேட்கவில்லை.

போன வாரம் நம் தெருவில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. லாரி விட்டார்கள். டிரைவர் முக்கில் நிறுத்திவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. நான் வாசலில் இறங்கி நின்று, "லாரி வந்துடுச்சேய்" என்று கத்தினேன். எதிர்வீட்டு மாடியில் மலையைப் பார்த்துத் தியானத்தில் இருந்த வெளிநாட்டுக்காரர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். அண்ணன் குடத்தோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இன்னொரு தடவ கூப்புடு" என்றார். "கோடி வீட்டுக்குக் கேட்டிருக்காது."

கூப்பிட்டேன், அண்ணி.