ட்ரக்கில் காற்று ஒழுகிய வாரம்

ஒக்டோபர் 6, திங்கள்

விடிந்ததிலிருந்து மூட்டம். நமுனுகுல மலை இருக்கிற இடமே தெரியவில்லை. ட்ரக் மறுபடி மக்கர். ஸ்டார்ட் ஆகிறது, நின்ற இடத்தில் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் அணைந்துவிடுகிறது. பிரேக் மிதி கல்லு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற பக்கத்தில் எங்கேயோ ஓட்டை. வேண்டாத காற்று உள்ளே போகிறது. பிரேக்குக்கு உதவுகிற இழுவை பத்தவில்லை. ஓட்டை எங்கே என்பதுதான் தெரியவில்லை.

பழைய பெட்ரோல் இன்ஜின். என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது.

மகள் சுமதிக்கு ஒன்பதாம் மாதம். மழை பெய்தால் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு ஆட்டோ ஏறாது, ஆம்புலன்ஸ் பாலத்தோடு நின்றுவிடும். போன தடவை தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற டிராக்டரில் கொண்டுபோனோம். பிந்திப் போய்விட்டது. பிள்ளை பிறந்தது, அழவில்லை. கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தம் இல்லை. அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்த ட்ரக். இனி அப்படி ஆகக்கூடாது என்று. அதன் லட்சணம் இது.

சாப்பிடும்போது லெட்சுமி ஏதோ சொன்னாள். என்ன என்றேன். "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க." இந்த வீட்டில் பெண்டாட்டி, மகள் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையில் கொஞ்சம் வெயில். ஆக்சிலேட்டருக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறு முனை இன்ஜினில், ஒவ்வொரு இடமாக. ஓட்டை இருந்தால் ஸ்ஸென்று சீறும். தேயிலை ஃபேக்டரி மெஷின் ரூமில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது ஊர் வண்டிகளைப் பழுது பார்க்கிறவன் நான். அங்கே இப்படி எத்தனை ஒழுகலைப் பிடித்திருப்பேன்.

மேனிபோல்ட் கேஸ்கட்: சத்தம் இல்லை.
காபரேட்டர் அடி: இல்லை.
பிரேக் பூஸ்டர் ஹோஸ், இரண்டு முனையும்: இல்லை.

எல்லாம் சுத்தம். பிறகு ஏன் இந்தச் சனியன் நடுங்குகிறது?

பின்னேரம் மழை. விட்டதும் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த வருஷம் சிள்வண்டே இல்லை. தேயிலைக்கு அடிக்கிற மருந்தில் எல்லாம் செத்திருக்கும்.

ஒக்டோபர் 8, புதன்

பதுளைக்கு பஸ்ஸில். ட்ரக் வைத்திருக்கிறவன் பஸ்ஸில்!

வாங்க: கேஸ்கட் பேப்பர். ஹோஸ், இரண்டு அளவு. கிளிப். சுமதிக்குத் தோடம்பழம். லெ.வுக்குக் கால்வலித் தைலம் (மறந்துவிட்டேன்).

பார்ட்ஸ் கடைக்காரர் சிரித்தார். "அண்ணே, இந்த மாடலுக்கு இனிமே சாமான் வராது. இரும்புக்குப் போட்டுருங்க." பேப்பரைக் கொடுங்க, கேஸ்கட்டை நானே வெட்டிக்கொள்கிறேன் என்றேன். "கொடுக்குறேன், அதுக்கு ஏண்ணே சத்தம் போடுறீங்க?" நான் எங்கே சத்தம் போட்டேன்?

திரும்பி வரும்போது பக்கத்து சீட்டுக்காரி போனில் கத்திக்கொண்டே வந்தாள்: "காலையில பெரட்டுக்குப் பிந்திப் போனா அரைப் பேருதான்டி போடுவாங்க, பாதிச் சம்பளம்தான்!" வாயைத் திறந்து தெளிவாகப் பேசுகிற ஒரே மனுஷி.

ஒக்டோபர் 9, வியாழன்

நாள் முழுக்க வேலை. கேஸ்கட் வெட்டிப் போட்டேன். ஹோஸ் எல்லாம் புதிது. விரல் முட்டியில் தோல் இல்லை. சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருப்பினேன். அதே நடுக்கம். அதே கல்லு மிதி.

ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். சாக்கடைக் கானில் விழுந்தது. பிறகு நானே இறங்கிச் சேற்றில் துழாவினேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

சுமதிக்குக் கால் வீங்கியிருக்கிறது. மருமகன் கொழும்பில் கடை வேலை, ஞாயிறுதான் வர முடியும். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யோசிக்காதீங்கப்பா. முடியாமப் போனா டிராக்டர் இருக்குதானே."

டிராக்டர். அந்தப் பிள்ளை வாயால் அதைச் சொல்லும்படி வைத்துவிட்டேன். எனக்கு மனம் விட்டுப்போச்சு.

ஒக்டோபர் 10, வெள்ளி

மழை. தார்ப்பாயைப் பிடித்துக் கட்டிவிட்டு அதன் கீழே மறுபடி குழாயும் காதுமாக நான். முட்டுக்கொடுத்த கட்டை இன்றைக்கு நிற்கவில்லை, இன்ஜின் அணையாமல் இருக்க ஆள் வேண்டும். சுமதி கேபினில் ஏறி ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாளாம். கடைசியில் ஹோர்ன் அடித்தாள்.

"அப்பா, இந்தா என் காலுக்கு நேரா ஸ்ஸுங்குதே, இதையா தேடுறீங்க?"

"எங்க?"

"இங்கதான். எப்பவும் இருக்குறதுதானே. கிளினிக் போறப்பவெல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே போறேன்."

"ஏம்மா சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்?"

மேனிபோல்டின் பின்புறம், கேபின் தகட்டை ஒட்டி, கண்ணுக்குப் படாத ஒரு குழாய் மூக்கு. எதற்கோ வைத்தது, இப்போது பயனில்லாமல் ரப்பர் மூடி போட்டிருக்கிறார்கள். கையை விட்டுத் தடவினேன். மூடி வெடித்துக் கிடந்தது. விரலால் அடைத்தேன். நடுக்கம் நின்றது. பிரேக் மிதி இறங்குது என்றாள் சுமதி.

விரலை எடுத்தேன். தலையை உள்ளே நுழைத்துக் காதை அதற்குப் பக்கத்திலேயே வைத்தேன். இன்ஜின் உறுமல் மட்டும். லெட்சுமி வாசலில் முறத்தோடு நின்றவள், "அந்தா சீறுதே, எனக்கே இங்க வரைக்கும் கேக்குது" என்றாள்.

சைக்கிள் டியூப் துண்டு, ஒரு போல்ட், ஒரு கிளிப். தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்ட வேலை.

இருட்டுகிற நேரம் மழை விட்டது. லெட்சுமியிடம் கேட்டேன், சிள்வண்டு கத்துதா என்று.

"காதைக் கிழிக்குது. ஏன்?"

சும்மாதான் என்றேன்.

ஒக்டோபர் 11, சனி

எழுதப் பிடிக்கவில்லை. ட்ரக் நன்றாக ஓடுகிறது. அதைக்கூட பொனட்டில் கையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். காது போன மெக்கானிக்கிடம் எவன் வண்டியைக் கொடுப்பான்? லெட்சுமியிடம் சொல்லவில்லை. அவளுக்கு முன்னமே தெரியும்போல. இன்றைக்கு என் முகத்துக்கு நேரே வந்து நின்றுதான் பேசினாள். கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

பதுளை. ஆஸ்பத்திரிக்கு வெளியே, ட்ரக்கில் இருந்து எழுதுகிறேன். விடியக்காலை வலி கண்டது. நல்ல மழை, ரோட்டில் வெள்ளம். ஒரு வளைவில்கூட ட்ரக் அணையவில்லை. பிரேக் சொன்ன இடத்தில் பிடித்தது. சுமதி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். நேரத்தோடு கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். மருமகன் இன்னும் ரயிலில்.

பிரசவ அறைக் கதவுக்கு வெளியே நானும் லெட்சுமியும். போன தடவை நின்ற அதே இடம். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திடீரென்று லெட்சுமி என் கையைப் பிடித்தாள். முகமெல்லாம் கண்ணீர். சிரிக்கிறாள்.

"கேக்குதாங்க? அழுவுது. நம்ம புள்ள அழுவுது."

கதவில் காதை வைத்தேன். போன தடவை மாதிரியே ஒரு சத்தம் இல்லை.

"கேக்குது" என்றேன்.