தோல்தான் கிழிஞ்சிருக்கு

என் பாசமுள்ள அண்ணா,

உன் மகன் தினேஷ் பைக்கில்தான் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். போன மாதம் நாட்றம்பள்ளி பக்கம் சறுக்கி விழுந்துவிட்டான். பதறாதே, நன்றாக இருக்கிறான். விவரமாகச் சொல்கிறேன்.

நான் இன்னும் அதே எமர்ஜென்சி வார்டு நர்ஸ்தான். எலும்பு முறிவு தினமும் வரும். முறிந்த இடத்தில் தோலும் கிழிந்து, காயம் எலும்பு வரைக்கும் போகிற முறிவு அவ்வளவாக வராது. வந்தால், பைக்கில் விழுந்த இளவட்டங்களின் கால், இல்லையென்றால் மெஷினில் நசுங்கிய விரல். வயதான பெண்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தும் வருகிறார்கள். அவர்களுக்குத் தோல் மெலிந்துவிட்டதால் சும்மா விழுந்தாலே கிழிந்துவிடுகிறது.

எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். சின்ன ஓட்டையாக இருந்தால்தான் வம்பு. லாரிக்கு ஒதுங்கி ஹைவேயில் நீ விழுந்தபோது பட்ட காயம் அந்த ரகம்.

நீ வேலை பார்த்த டேனரியில் பதனிட்ட தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குண்டூசி முனை ஓட்டையைக்கூட விடமாட்டாய். உன் காலில் இருந்த ஓட்டையை மட்டும் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டாய். அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு, "தோல்தான் கிழிஞ்சிருக்கு. எலும்பு உடைஞ்சிருந்தா நான் எப்பிடி நடப்பேன்?" என்றாயாம்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு, அண்ணா. மெலிந்தது உடைந்தது, தடித்தது உன்னைச் சுமந்தது. எங்களிடம் உன்னைக் கொண்டுவந்தபோது கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. லாரிக்குத் தப்பியவன் அந்த ஓட்டையால் செத்தாய். எனக்கு இன்னும் உன்மேல் கோபம் தீரவில்லை.

தினேஷ் நொண்டிக்கொண்டே வார்டுக்குள் வந்தான். "தோல்தான் கிழிஞ்சிருக்கு அத்தை. ஒரு தையல் போட்டு அனுப்பிடு" என்றான்.

நீ சொன்னது அவன் காதில் விழுந்திருக்குமா? அப்போது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

எக்ஸ்ரேயில் அதே மெலிந்த எலும்பு. டாக்டர் உடனே ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொன்னார், ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் காயத்தைத் திறந்து கழுவினார். இப்போது சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. வாய் மட்டும் குறையவில்லை. பைக் சாவியை நான் பிடுங்கி வைத்திருப்பதால் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறான். "இன்னா அத்தை, நான் இன்னா குழந்தையா?" என்கிறான். பிடிக்கட்டும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எலும்பு கூடியதும் சாவியைக் கொடுத்துவிடுவேன். ஆனால் இனி அவனுக்கு எந்தக் காயம் பட்டாலும், அவன் வாயால் சொல்வதை நம்ப மாட்டேன். கட்டைப் பிரித்து என் கண்ணால் பார்ப்பேன். இது உனக்குத் தரும் வாக்கு.

காயத்தை நீ காட்டாமலே விட்டுப்போன
உன் தங்கச்சி,
செல்வி