பின்வரிசைத் தலைவன்

எஜமானி அம்மாவுக்கு,

எழுப்பினால் திட்டு விழும், அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். டீ பிளாஸ்கில் இருக்கிறது.

பத்து மணிக்குத் தச்சர் வருவார். உன் தையல் மெஷினை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திவிட்டு நான் சேர்க்கிற சூப்பர்ஹீரோ பொம்மைகளுக்கு இன்னொரு அலமாரி அடிக்க நான் வரச்சொன்ன அதே ஆள்தான். வேறென்ன செய்ய? அந்த ஆறு பேர் படையில் ஐந்து வீரர்களைச் செய்த கம்பெனி, தலைவனைச் செய்யாமலே கையை விரித்துவிட்டது. வேறு கம்பெனித் தலைவனோ அவர்கள் இடுப்புக்குத்தான் வருகிறான். உலகத்தைக் காப்பாற்ற வந்தவன், பள்ளிக்கூட வேனைத் தவறவிட்ட பிள்ளை மாதிரி நிற்கிறான். அவனைத் தனியாக வைக்க வேறு அலமாரி வேண்டாமா?

நேற்று நீ அவனைப் பின்வரிசையில் வைத்ததற்கு, "யார் தொட்டது?" என்று குதித்தேன். "தூரத்துல நிக்கிறவன் சின்னதாத்தான் தெரிவான். வாசல்ல நின்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய். வீம்புக்கு நான் பார்க்கவில்லை.

இப்போது வாசலில் செருப்பு மாட்டும்போது பார்த்தேன். தலைவன் தூரத்திலிருந்து ஓடி வருகிறான், ஐந்து பேரும் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். நம்ப முடியாமல் திரும்பத் திரும்ப உள்ளே வந்து பார்த்ததில் பஸ்ஸும் போய்விட்டது.

தச்சரைத் திருப்பி அனுப்பிவிடு. மெஷின் அங்கேயே இருக்கட்டும்.

இல்லை, அனுப்பாதே. மெஷின் மேஜையின் ஆடுகிற காலைச் சரிபண்ணச் சொல். நீ எத்தனையோ நாளாகச் சொல்கிறாய், எனக்கு இப்போதுதான் காதில் விழுகிறது.