கூடத்தில் கிடக்கும் வலது கால் செருப்புகள்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அவ்வாறே இருக்கிறாய் என்பதைச் சுற்றறிக்கைகளின் அடியில் உள்ள கையெழுத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொள்கிறோம். மற்ற செய்திகளுக்கு முன்னால் என் குறைகளைத் தேதிவாரியாக எழுதிவிடுகிறேன்.

1. பிப்ரவரி 9. நீ இருக்கும் ஊரில் நிலநடுக்கம் வந்த பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் செய்தி: “உயிரோடு இருக்கிறேன். போர்வை, செருப்பு அனுப்பச் சொல்லுங்கள்.” அம்மா என்று ஒரு சொல் அதில் இல்லை.

2. பிப்ரவரி 21. உன் அறைத்தோழி, போன ஆண்டு நம் வீட்டில் வந்து தங்கி உன் அம்மாவை அம்மா என்றே கூப்பிட்ட அந்தப் பெண், இடிபாட்டில் இறந்துபோனதையும் அவளை நீயே தோண்டி எடுத்ததையும் நிவாரணச் சங்கத்தின் இரங்கல் குறிப்பில் படித்தோம். நீ ஒரு வரி எழுதவில்லை.

3. மார்ச் 14. அங்குள்ள கிடங்கின் பொறுப்பாளர் என்ற முறையில் நீ அனுப்பிய சுற்றறிக்கை: “ஒற்றைக் கால் செருப்புகள் பெட்டி பெட்டியாக வந்திருக்கின்றன. வீட்டுக் குப்பையைக் கொட்ட இது இடமல்ல. இனி இவற்றைக் கப்பலில் ஏற்ற வேண்டாம்.”

அந்தக் குப்பையை அனுப்பியவள் உன் அம்மா.

நீ கேட்ட அன்றே நம் கூடத்திலிருந்து சோபாவும் மேசையும் வெளியேறின. தெருவில் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்து உட்கார்ந்து துணி மடித்தார்கள், போர்வை தைத்தார்கள். பழைய செருப்புகளை உன் அம்மா தொட்டியில் ஊறவைத்துத் தேய்த்து, வார் அறுந்ததை எதிர்வீட்டுத் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினாள். முதல் கப்பலில் போன செருப்புகளில் பாதி துறைமுகத்திலேயே காணாமல் போயின. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உன் மாமா அதற்கு ஒரு வழி சொன்னார்: இடது கால் எல்லாம் ஒரு கப்பலில், வலது கால் எல்லாம் அடுத்த கப்பலில். “ஒத்தச் செருப்ப எவன் திருடுவான்?” என்று அவர் கேட்க, “ஒத்தக் கால் உள்ளவன் திருடுவான் மச்சான், அவனுக்குன்னா போகட்டும்” என்றார் தையற்காரர். நிலநடுக்கத்துக்குப் பிறகு உன் அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஜோடி மாறாமலிருக்க ஒவ்வொரு செருப்பின் அடியிலும் எண் எழுதினாள். இந்த ஏற்பாட்டை விளக்கி ஒரு தாளும் எழுதினாள். அந்தத் தாளை எந்தப் பெட்டியில் வைப்பது என்று இவர்கள் எல்லாரும் கூடிப் பேசிய பேச்சில் அது வலது கால் பெட்டிக்குள் போய்விட்டது. இடது கால் பெட்டிகள் கப்பலேறிவிட்டன, தாள் இன்னும் இங்கேயே இருக்கிறது. பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு செருப்பைத் திருப்பிப் பார்த்திருந்தால் உன் அம்மாவின் எழுத்து உனக்குத் தெரிந்திருக்கும்.

சங்கச் செயலாளர் உன் சுற்றறிக்கையை நம் கூடத்தில் நின்று எல்லார் முன்னிலையிலும் வாசித்தார். உன் அம்மா கையில் பிசின் நாடாவோடு நின்று கடைசிவரை கேட்டாள். வலது கால் பெட்டிகளை ஏற்ற முடியாது என்று அவர் சொன்னபோது நான் வாய் திறந்தேன். உன் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், “அவ கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கா. நாலு பேர் முன்னாடி அவளத் தப்புன்னு சொல்ல வேணாங்க” என்றாள். மறுநாளிலிருந்து யாரும் வருவதில்லை. உன் அம்மா பெட்டிகளுக்கு நடுவே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறாள்.

உனக்காக வாதாடுபவளும் அவள்தான். “கூட இருந்தவள மண்ணுலருந்து தோண்டி எடுத்த கைங்க அது. அந்தக் கை என்ன எழுதினா என்ன” என்கிறாள். நீ அந்தப் பெண்ணுக்காகத் தனியாக அழுதிருப்பாய் என்று எனக்கும் தெரியும். இங்கே அவளுக்காக அழுதவள் ஒருத்தி இருக்கிறாள், அவளைச் சேர்த்துக்கொள்ள உனக்குத் தோன்றவில்லை. உன் துயரத்தை மதிக்கிறேன். அதைக் காரணம் காட்டி நான் உன்னை மன்னிப்பதாக இல்லை.

சங்கத்தின் புகைப்படத்தில் உன் மணிக்கட்டில் கட்டு தெரிகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. விரிசல் விட்ட சுவருக்கு அருகே படுக்காதே. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பது எங்கள் இருவரின் ஆசி, என் கோபம் அதில் கலக்கவில்லை.

அடுத்த கப்பலில் ஏப்ரல் 8 வரை சரக்கு ஏற்றுவார்கள். அது போய்விட்டால் இடது கால் செருப்புகள் உன் கிடங்கில் கிடக்க, பிள்ளைகள் அந்த இடிபாட்டில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். ஆகவே உன்னிடமிருந்து இரண்டு கடிதங்கள் வர வேண்டும். ஒன்று செயலாளருக்கு, வலது கால் பெட்டிகளை ஏற்றச் சொல்லி. மற்றது உன் அம்மாவுக்கு, அந்தப் பெண்ணின் கடைசி நாளைப் பற்றி, உன் கையைப் பற்றி. தொலைபேசியில் கூப்பிடாதே, உன் குரலைக் கேட்டால் அவள் தனக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடுவாள். இரண்டும் எழுத்து மூலமாக, ஏப்ரல் 5-ஆம் தேதிக்குள் இங்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா