ஆப்பிள் கேக்கும் ஒரு ஸ்டாம்பும்

ஒஹாயோ, செப்டம்பர் 4

பிரென்னா கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை உனக்கு பிரைடல் ஷவர், கல்யாணத்துக்கு முன்னால் பெண்களெல்லாம் பரிசோடு வருகிறார்கள் என்று உன் சித்தி லொரேன் எழுதியிருந்தாள். உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியது போலிருந்தால் பயப்படாதே, இங்கிருந்து போகும் எல்லாக் கடிதத்தையும் காவலர்கள் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

செலவில்லாமல் என்ன கொடுக்கலாம் என்று என் அறையில் இருக்கும் டோரீனிடம் கேட்டேன். "மத்தவளுங்க டோஸ்டர் கொடுக்கட்டும். அவளுக்குப் பிடிச்சதை எப்படிச் செய்யணும்னு நீ எழுதிக் கொடுடி" என்றாள். உன் பிறந்தநாள் ஆப்பிள் கேக்கை அட்டையில் எழுதியிருக்கிறேன். பட்டைத்தூளை அள்ளிக் கொட்டாதே, உனக்கு அவசரக் கை. அளவெல்லாம் ஞாபகத்திலிருந்துதான், அடுப்பைத் தொட்டு ஒன்பது வருடம் ஆகிறது.

பரிசைப் பிரிக்கும்போது கொடுத்தவர் பெயரைச் சத்தமாகப் படிப்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் உன் அம்மா பெயர் வேண்டாம். பழைய பக்கத்து வீட்டுக்காரி என்று சொல்லிவிடு.

நீ நன்றி எழுதி அனுப்ப வசதியாக, வருகிறவர்கள் தங்கள் விலாசத்தை உறையில் எழுதிக் கொடுப்பார்கள் அல்லவா? என்னுடையதையும் ஸ்டாம்ப் ஒட்டி உள்ளே வைத்திருக்கிறேன். பெயருக்குப் பக்கத்திலுள்ள எண்ணை அடித்துவிடாதே. அது இல்லாவிட்டால் எனக்கு வந்து சேராது.

எழுத மனம் வரவில்லையென்றால் ஸ்டாம்பை வெட்டியெடுத்து வேறு உறையில் ஒட்டிக்கொள்.

உன்
பழைய பக்கத்து வீட்டுக்காரி